ஆக்ராவுக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

டெல்லி, ஆக்ரா பயணம் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, அதனால் கிளம்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): அப்பாவுக்கு 70 வயது, அம்மாவுக்கு 64. டெல்லியில் தம்பி வீட்டில் நான்கு நாள் தங்கப் போகிறோம். ஒரு நாள் ஆக்ரா போய்விட்டு இரவே திரும்பிவிடலாம் என்கிறான் தம்பி. வயதானவர்களுக்கு அது சரிப்பட்டு வருமா? காரில் போவதா, ரயிலில் போவதா?

பதில்: சரிப்பட்டு வரும். ஆனால் ரயிலில் போங்கள். ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8 மணி வாக்கில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் இறக்கிவிடும். அதே ரயில் மாலை 6 மணிக்குச் சற்று முன்பு திரும்புகிறது, இரவு சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னும் சீக்கிரம் போக நினைத்தால் புதுடெல்லியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும் போபால் சதாப்தி இருக்கிறது, 8 மணி வாக்கில் ஆக்ரா. காரில் போனால் யமுனா விரைவுச்சாலை நன்றாகத்தான் இருக்கும், 165 கிலோமீட்டருக்கு நேர்க்கோடு மாதிரி போகும். ஆனால் அது தொடங்குவதே கிரேட்டர் நொய்டாவில். டெல்லிக்குள் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும், எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு மூன்றரை, நான்கு மணி நேரம். 70 வயதில் ஒரே நாளில் எட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு நடுவில் தாஜ் மஹாலின் படியும் ஏறுவது கஷ்டம். டிசம்பர், ஜனவரி என்றால் பனிமூட்டம் வேறு. அந்த மாதங்களில் விடியற்காலையில் அந்தச் சாலையில் போகவே போகாதீர்கள், முன்னால் போகும் லாரி கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. ரயிலும் பனியில் தாமதமாகும்தான், ஆனால் தாமதம் மட்டும்தான்.

ரயிலில் போவதாக இருந்தால் ஆக்ரா நிலையத்தில் காரும் கைடும் காத்திருக்கும்படி முன்பே ஏற்பாடு செய்துகொள்ளலாம், பல டூர் நிறுவனங்கள் இதைத் தனியாகவே விற்கின்றன. தாஜ் மஹாலைச் சுற்றிலும் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. கார் நிறுத்துமிடத்தில் இறங்கி பேட்டரி வண்டியில் வாசல் வரை போகலாம். அதற்குப் பிறகும் உள்ளே நடை உண்டு. சக்கர நாற்காலி வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், கேட்காமலே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை): தாஜ் மஹால், ஆக்ரா கோட்டை, சிக்கந்தரா, ஃபத்தேபூர் சிக்ரி, வழியில் மதுரா, இவை எல்லாம் ஒரே நாளில் என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். விலையும் குறைவு. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். ஃபத்தேபூர் சிக்ரி ஆக்ராவிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் வரை மேற்கே இருக்கிறது. போக வர, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர் பஸ்ஸில் ஏறி மேலே போக, சுற்றிப் பார்க்க என்று குறைந்தது நான்கு மணி நேரம் அதற்கே போய்விடும். அப்படியானால் தாஜ் மஹாலுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்பார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே அதில் பாதி தீர்ந்துவிடும். நான் யாருக்கும் சொல்வது இதுதான்: டெல்லியிலிருந்து ஒரு நாளில் போய்வருகிறீர்கள் என்றால் தாஜ் மஹால், ஆக்ரா கோட்டை, நேரம் மிஞ்சினால் இதிமாத்-உத்-தௌலா சமாதி. அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபத்தேபூர் சிக்ரி ஒரு முழு நகரம், அக்பர் 1571இல் கட்டத் தொடங்கி 1585 வரை அங்கிருந்து ஆட்சி நடத்திய ஊர், அதை அவசரத்தில் பார்த்தால் சிவப்புக் கல் கட்டிடங்கள் நிறைய இருந்தன என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். ஆக்ராவில் ஓர் இரவு தங்க முடிந்தால் மறுநாள் அங்கே போங்கள். மதுராவும் அப்படித்தான், கோயிலுக்குப் போகிறவர்கள் அதற்கென்று தனியாகப் போவதுதான் மரியாதை.

கேள்வி (கோயம்புத்தூர்): கைடு கட்டாயம் வேண்டுமா? எங்களுக்கு இந்தி தெரியாது. தமிழ் பேசும் கைடு கிடைப்பாரா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் நல்ல கைடு கிடைத்தால் பார்க்கும் இடமே வேறாகிவிடும். தாஜ் மஹாலின் நுழைவு வளைவைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் பதித்திருக்கும் குர்ஆன் வசனங்களைப் பாருங்கள், கீழிருந்து பார்க்கும்போது எழுத்தெல்லாம் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், கீழே நிற்பவன் கண்ணுக்கு அது சமமாகப்பட வேண்டும் என்பதற்காக. நான்கு மினார் கோபுரங்களும் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அமானத் கான் என்ற எழுத்துக் கலைஞர் தன் பெயரையே அங்கே பொறித்திருக்கிறார். இதையெல்லாம் யாராவது கை நீட்டிக் காட்டாமல் நாமாகக் கண்டுபிடிப்பது சிரமம்.

தமிழ் பேசும் கைடு அபூர்வம். ஆக்ராவில் இந்தி, ஆங்கிலம், அதற்கு மேல் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி என்று வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஆட்கள்தான் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து குழுவாக அழைத்துப் போகிற நிறுவனங்களில் கூடவே வரும் மேலாளர் தமிழில் சொல்வார், அவருக்கு வரலாறு எவ்வளவு தெரியும் என்பது ஆளைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் ஆங்கிலம் பேசும் கைடை வைத்துக்கொண்டு அவரை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஆங்காங்கே நிறுத்திச் சொல்ல வேண்டியிருப்பதால் கைடும் மனப்பாடமாக ஒப்பிப்பதை விட்டுவிட்டு நிதானமாகப் பேசுவார், அது நல்லதுதான்.

ஆள் பிடிக்கும்போது கவனம். அங்கீகாரம் பெற்ற கைடுகளிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள், உண்மையான கைடு அதற்குக் கோபப்பட மாட்டார். வண்டி நிறுத்துமிடத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டு, வரிசை மூன்று மணி நேரம் நீளும், நான் வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன் என்று சொல்பவரை நம்பவே வேண்டாம். கட்டணம் குழுவுக்கா தலைக்கா என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். உள்ளே படம் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடமும் அப்படித்தான், ஒரு படத்துக்கு எவ்வளவு, எத்தனை படம் என்று முதலில் பேச வேண்டும்.

கேள்வி (சேலம்): போன வருடம் நாங்கள் எடுத்த டூரில் கோட்டையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு பளிங்குக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். வாங்காமல் எழுந்திருக்கவும் சங்கடமாக இருந்தது. 4,000 ரூபாய்க்கு ஒரு சின்னத் தட்டு வாங்கினோம். அது உண்மையான பளிங்குதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்களுக்கு நடந்தது தினமும் நடக்கிறது. கைடுக்கும் டிரைவருக்கும் கடையில் கமிஷன் உண்டு, பல நேரங்களில் பேக்கேஜின் விலையைக் குறைத்துக் காட்டுவதே அந்தக் கமிஷனை நம்பித்தான். அதனால் முன்பதிவு செய்யும்போதே, எந்தக் கடைக்கும் போக மாட்டோம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். அன்று காலையில் கைடிடம் மறுபடி ஒருமுறை சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். கோட்டையைப் பார்த்து முடிக்கும்வரை கடைப் பேச்சு வேண்டாம், நன்றாகச் சுற்றிக்காட்டினால் நாங்களே பார்த்துக் கொடுக்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தான், அதற்காக உங்கள் கோட்டை நேரத்தைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

தட்டு விஷயம்: தாஜ் மஹாலுக்குப் பயன்பட்டது ராஜஸ்தானில் மக்ரானா என்ற ஊரின் பளிங்கு, கெட்டியான கல். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மாக்கல் அல்லது அதைப் போன்ற மெதுவான கல். தட்டின் அடிப்பக்கத்தில் கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். நகத்துக்கே மாவு மாதிரி உதிர்ந்தால் அது மாக்கல். பளிங்கு நகத்துக்கு அசையாது. பூ வேலைப்பாடு கல்லைக் குடைந்து பதித்ததா, மேலே வரைந்து மெழுகு பூசியதா என்பதையும் பாருங்கள், விரலால் தடவினால் பதித்த வேலையில் விளிம்பே தட்டுப்படாது, ஆனால் வண்ணக் கல்லுக்குள் இயற்கையான ரேகை தெரியும். அந்த வேலையை இன்றும் உண்மையாகச் செய்கிற குடும்பங்கள் ஆக்ராவில் இருக்கின்றன, ஒரு சிறு பூவுக்கே நாள்கணக்கில் தேய்ப்பார்கள். அவர்களிடம் வாங்கினால் விலை அதிகம்தான், கொடுக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): முகலாயர் கட்டிடங்கள் எல்லாம் குவிமாடம், வளைவு, தோட்டம் என்று ஒன்றுபோலவே இருக்கின்றனவே. தாஜ் மஹால் ஒன்றைப் பார்த்தால் போதாதா?

பதில்: தஞ்சாவூர்க்காரர் கேட்கலாமா இதை! பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன என்று தோன்றுமா? இங்கேயும் அப்படித்தான், வரிசையாகப் பார்த்தால்தான் ருசி.

டெல்லியில் ஹுமாயூன் சமாதியிலிருந்து ஆரம்பியுங்கள். ஹுமாயூன் இறந்த பிறகு அவருடைய மனைவி பேகா பேகத்தின் முயற்சியில் 1570களின் தொடக்கத்தில் முடிந்த கட்டிடம் அது, பாரசீகக் கட்டிடக் கலைஞர் மீராக் மிர்சா கியாஸ் அமைத்தது. சிவப்புக் கல் சுவரில் வெள்ளைப் பளிங்குக் கோடுகள், மேலே வெள்ளைக் குவிமாடம், நாலாகப் பிரித்த தோட்டத்தின் நட்டநடுவில் சமாதி. அப்புறம் ஆக்ராவில் சிக்கந்தரா, அக்பரின் சமாதி, ஜஹாங்கீர் காலத்தில் 1613இல் முடிந்தது. அதில் குவிமாடமே கிடையாது! உச்சியில் வானம் பார்த்த பளிங்கு முற்றம். ஆனால் அதன் நுழைவாயிலின் மேல் நான்கு வெள்ளை மினார்கள் நிற்கும், அவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது இதிமாத்-உத்-தௌலா, யமுனையின் மறுகரையில் இருக்கிற சின்னக் கட்டிடம், ஆட்டோக்காரர்கள் பேபி தாஜ் என்பார்கள். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. முழுக்க வெள்ளைப் பளிங்கு, உடம்பு முழுவதும் வண்ணக் கல் பதித்த வேலை, மூலைக்கு ஒரு குட்டைக் கோபுரம். சிக்கந்தராவில் வாசல் மேல் நின்ற மினார்கள் இங்கே சமாதியின் மூலைக்கே வந்துவிட்டன. அதற்குச் சில வருடம் கழித்துத் தாஜ் மஹால், அதில் அந்தக் கோபுரங்கள் கட்டிடத்தை விட்டு விலகி மேடையின் நான்கு மூலைகளில் தனித்து உயர்ந்து நிற்கின்றன. இதை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தாஜ் மஹால் முன்னால் போய் நின்றால், அது திடீரென்று வானத்திலிருந்து இறங்கியதில்லை, அறுபது ஆண்டுகளாகத் தச்சர்களும் கல்தச்சர்களும் ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்து வந்து சேர்ந்த இடம் என்று தெரியும்.

குடும்பமும் ஒன்றுதான். மிர்சா கியாஸ் பேக்கின் மகன் ஆசப் கான், ஆசப் கானின் மகள்தான் மும்தாஜ். அதாவது பேபி தாஜில் இருப்பவர் தாஜ் மஹாலில் இருப்பவரின் தாத்தா. கூட்டமே இல்லாத இடம், ஒரு மணி நேரம் போதும். நேரமில்லை என்று கைடு சொன்னாலும் விடாதீர்கள்.

ஆக்ரா கோட்டைக்குள்ளும் இதே மாற்றத்தை நடந்தபடி பார்க்கலாம். அக்பர் 1565இல் தொடங்கிச் சிவப்புக் கல்லில் எழுப்பிய கோட்டை, அவர் காலத்து ஜஹாங்கீரி மஹாலில் கல் தாங்கிகளும் உத்தரங்களும் மர வேலை மாதிரி செதுக்கியிருக்கும், நம் ஊர் மண்டபத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவே தெரியாது. அங்கிருந்து சில அடி நடந்தால் ஷாஜகான் கட்டிய பளிங்கு அறைகள். தாத்தாவின் ரசனைக்கும் பேரனின் ரசனைக்கும் நடுவே ஒரு முற்றம்தான். ஆற்றோரம் இருக்கிற முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்தில் கட்டாயம் நில்லுங்கள். 1658இல் மகன் ஔரங்கசீப்பால் கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்ட ஷாஜகான் 1666இல் சாகும்வரை இங்கேதான் இருந்தார், மகள் ஜஹானாரா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ் மஹால் தெரியும். கோட்டையின் பெரும்பகுதி இன்னும் ராணுவத்திடம் இருக்கிறது, அதனால் நாம் பார்ப்பது ஒரு பகுதிதான், அதற்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

கேள்வி (தூத்துக்குடி, பள்ளி மாணவி): தாஜ் மஹாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டிவிட்டார் என்று எங்கள் டூரில் கைடு சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்புத் தாஜ் மஹால் கட்ட நினைத்தார் என்றும் சொன்னார். உண்மையா?

பதில்: கேட்டதற்குப் பாராட்டு, கண்ணம்மா. கை வெட்டிய கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் எதிலும் ஆதாரம் இல்லை. நீயே யோசித்துப் பார். மும்தாஜ் இறந்தது 1631இல், புர்ஹான்பூரில், பதினான்காவது குழந்தை பிறந்தபோது. அடுத்த ஆண்டு ஆக்ராவில் வேலை தொடங்கியது, முக்கியக் கட்டிடம் 1643 வாக்கில் முடிந்தது, சுற்றியுள்ள மசூதி, தோட்டம், வாசல்கள் எல்லாம் முடிய இன்னும் பத்து வருடம். இதே நேரத்தில் ஷாஜகான் டெல்லியில் ஒரு புதுத் தலைநகரத்தையே கட்டிக்கொண்டிருந்தார், செங்கோட்டை 1648இல் முடிந்தது, ஜாமா மசூதி 1656இல். தாஜ் மஹாலின் தலைமைச் சிற்பி என்று சொல்லப்படும் உஸ்தாத் அகமது லாகோரிதான் செங்கோட்டையிலும் வேலை செய்தவர். கைகளை வெட்டிவிட்டு அந்தக் கோட்டையை யாரை வைத்துக் கட்டினார்?

கறுப்புத் தாஜ் கதை கொஞ்சம் வேறு. தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்தவர், ஷாஜகான் ஆற்றின் மறுகரையில் தனக்கொரு சமாதி கட்டத் தொடங்கினார், மகன்களோடு வந்த போரால் நின்றுபோனது என்று எழுதி வைத்துவிட்டார். அந்த இடத்தில் கறுத்த கற்கள் கிடந்ததும் கதைக்கு வலுவாகிவிட்டது. 1990களில் தொல்லியல் துறை மஹ்தாப் பாக் என்ற அந்த இடத்தைத் தோண்டியபோது, அந்தக் கற்கள் காலத்தால் கறுத்துப்போன வெள்ளைக் கற்கள்தான் என்று தெரிந்தது, கூடவே பெரிய குளம் ஒன்றும் கிடைத்தது. அது ஒரு தோட்டம், தாஜ் மஹாலோடு ஒரே நேர்க்கோட்டில் அமைந்தது. ஹுமாயூன் சமாதி தோட்டத்தின் நடுவில் இருக்கிறது, தாஜ் மஹால் மட்டும் ஏன் தோட்டத்தின் கடைசியில் ஆற்றோரம் இருக்கிறது என்று உன் கைடிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மஹ்தாப் பாக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு நடுவில் ஓட, இரண்டு பக்கமும் தோட்டம், தாஜ் மஹால் நடுவில் என்றாகிவிடுகிறது. கறுப்புத் தாஜை விட இது எவ்வளவு அழகான விஷயம்!

கைடுகள் இந்தக் கதைகளைச் சொல்வதற்குக் காரணம் நாம் கேட்க ஆசைப்படுவதுதான். ஆவணத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் ஐயா என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பாருங்கள், நல்ல கைடாக இருந்தால் அவர் முகம் மலரும்.

கேள்வி (விழுப்புரம்): 50 ரூபாய் டிக்கெட் எடுத்தால் சமாதிக்குள் விடமாட்டார்களாமே? உண்மையான கல்லறைகள் அடியில் இருப்பதாகவும் சொல்கிறார்கள், அவற்றைப் பார்க்க முடியுமா?

பதில்: இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், மேடை மேல் ஏறி முக்கியச் சமாதிக்குள் போக இன்னும் 200 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அந்த 200 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள், கல்லறைகளைச் சுற்றி ஓர் எண்கோணப் பளிங்குத் தடுப்பு இருக்கிறது, கல்லைச் சரிகை மாதிரி குடைந்து பூ பதித்தது, அங்கே இருப்பதிலேயே நுட்பமான வேலை அதுதான். கைடு செல்போன் வெளிச்சத்தைச் செந்நிறக் கல் மேல் வைத்துக் காட்டுவார், தீக்கங்கு போல ஒளிரும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நாம் பார்ப்பவை அடையாளக் கல்லறைகள், உண்மையானவை நேர்கீழே நிலவறையில். ஷாஜகானின் உர்ஸ், அதாவது நினைவு விழா, நடக்கும் மூன்று நாட்களில் மட்டும் அதைத் திறக்கிறார்கள். மும்தாஜின் கல்லறைதான் சரியாக நடுவில், ஷாஜகானுடையது ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், பின்னால் வந்து சேர்ந்ததால்.

டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற எங்களுக்கு வெளிநாட்டவர் கட்டணமா? சிங்கப்பூரில் இருக்கும் அக்கா குடும்பமும் சேர்ந்து வருகிறது.

பதில்: உங்களுக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் கட்டணம், 540 ரூபாய். அக்கா குடும்பத்துக்கு 1,100 ரூபாய். சமாதிக்கான 200 எல்லோருக்கும் தனி. அக்கா வீட்டில் யாரிடமாவது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் அவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான், அட்டையைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். டூர்காரர் எல்லோருக்கும் சேர்த்து 1,100 கணக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு): எங்களுக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்று தாஜ் மஹால் மூடியிருக்குமாமே?

பதில்: ஆமாம், வெள்ளிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு மூடல், கதிமான் ரயிலும் அன்று ஓடாது. நாளை மாற்ற ஒரு வழி இருந்தாலும் மாற்றுங்கள். முடியவே முடியாது என்றால் ஆக்ராவுக்குப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவதை விட, டெல்லியிலேயே அந்த நாளை ஹுமாயூன் சமாதிக்கும் செங்கோட்டைக்கும் கொடுங்கள் என்பேன். செங்கோட்டை திங்கள்தான் விடுமுறை. பிடிவாதமாக ஆக்ராதான் என்றால் கோட்டை, இதிமாத்-உத்-தௌலா, சிக்கந்தரா மூன்றும் வெள்ளியன்று திறந்திருக்கும், மாலையில் மஹ்தாப் பாக்கிலிருந்து ஆற்றின் மறுகரையில் நின்று தாஜ் மஹாலைப் பார்க்கலாம்.

கேள்வி (திருநெல்வேலி): பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. போகலாமா? சாப்பாடு, கழிப்பறை எல்லாம் எப்படி?

பதில்: மே, ஜூன் மாதங்களில் அங்கே 45 டிகிரி வரை போகும், அதுவும் நம் ஊர் வியர்வை வெயில் இல்லை, லூ என்று சொல்லும் உலர்ந்த அனல்காற்று. சின்னப் பிள்ளைகளை மத்தியானத்தில் அந்தத் திறந்தவெளியில் நடக்க வைப்பது சரியில்லை. தசரா விடுமுறை அல்லது பிப்ரவரியில் வரும் நீண்ட வார இறுதி எதையாவது பயன்படுத்துங்கள். மே மாதம்தான் என்றால் முதல் நாளே போய் ஆக்ராவில் தங்கி, சூரியன் உதிக்கும் நேரத்தில் தாஜ் மஹாலுக்குள் போய்விடுங்கள், உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடுகிறார்கள். 9 மணிக்குள் வெளியே வந்து அறைக்குத் திரும்பிவிடலாம். கோட்டையை மாலையில் பாருங்கள்.

உள்ளே தின்பண்டம் கொண்டுபோக முடியாது, தண்ணீர் பாட்டில் போகலாம். பெரிய பை, கேமரா முக்காலி, லைட்டர், புகையிலை எதுவும் கூடாது, பைகளை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், ஆகவே கைப்பையைக் காரிலேயே விட்டுவிட்டு செல்போன், பணம், மருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் கழிப்பறை உண்டு, வண்டி நிறுத்துமிடத்திலும் உண்டு, வரிசையில் நிற்கும் முன்பே பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவது உத்தமம். குரங்குகள் இருக்கின்றன, கையில் உணவு இருந்தால் பறித்துவிடும். சாப்பாட்டுக்கு டூர்காரர் அழைத்துப் போகும் உணவகம் விலை அதிகமாகவே இருக்கும், ஆக்ராவில் நல்ல சைவ உணவகங்களுக்குப் பஞ்சமில்லை, தோசையும் கிடைக்கும். பேட்டா என்ற இனிப்பை வாங்கி வாருங்கள், நாம் காசி அல்வா செய்கிற அதே வெண்பூசணியில் செய்வது, குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்டது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): பௌர்ணமி இரவில் தாஜ் மஹாலைப் பார்க்க விடுகிறார்களாமே. ஒரு நாள் பயணத்தில் அதையும் சேர்க்க முடியுமா?

பதில்: பௌர்ணமியும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களும் உண்டு, வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் தவிர. 50 பேர் கொண்ட குழுவாக அரை மணி நேரம் மட்டும், அதுவும் தூரத்து மேடையிலிருந்து பார்க்கலாம், சமாதிப் பக்கம் போக முடியாது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், இரவு 8:30க்கு மேல்தான் ஆரம்பம். டெல்லிக்கு அன்றே திரும்புகிறவர்களுக்கு ஒத்துவராது, தங்குகிறவர்கள் முயலலாம்.

கேள்வி (காட்பாடி): நாங்கள் சென்னைக்கு ரயிலில்தான் திரும்புகிறோம். ஆக்ராவைப் பார்த்துவிட்டு மறுபடி டெல்லிக்குப் போய் ரயில் ஏறத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, பலருக்கு இது தோன்றுவதே இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் நிற்கின்றன. பயணத்தின் கடைசி நாளாக ஆக்ராவை வைத்துக்கொண்டு, காலை ரயிலில் மூட்டை முடிச்சோடு இறங்கி, நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் பெட்டிகளை வைத்துவிட்டுச் சுற்றலாம், பெட்டிகளுக்குப் பூட்டு போட்டிருந்தால்தான் வாங்குவார்கள். இரவில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம். மாலை ஆறு மணி ரயிலைப் பிடிக்கும் அவசரம் போய்விடுவதால் தாஜ் மஹாலைக் காலையிலும், கோட்டையை மத்தியானத்திலும் முடித்துவிட்டு மஹ்தாப் பாக்குக்கும் போகலாம். முன்பதிவு செய்யும்போது ஏறும் நிலையம் ஆக்ரா கண்டோன்மென்ட் என்று மறக்காமல் போடுங்கள். டெல்லியிலிருந்து எடுத்துவிட்டால் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே இணையத்தில் மாற்றிக்கொள்ள முடியும்.